கண்ணைப் பொத்தும் கை

2022 மார்ச் 21, திங்கள்

இன்ஸ்பெக்டர்தான் எழுதி வைக்கச் சொன்னார். "கேஸ் கோர்ட்டுக்கு வர எட்டு மாசமோ ஒரு வருசமோ ஆவும். அதுக்குள்ள பாதி மறந்துரும். அவன் வக்கீல் கொடஞ்சு கொடஞ்சு கேப்பான். பாத்தத தேதி போட்டு எழுதி வச்சுக்கங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு ஒளறிறக் கூடாது" என்றார். அதற்காகத்தான் இந்த டைரி. உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. எந்த ஊர்ச் சந்தை எந்தக் கிழமை என்பதைத் தவிர இதில் இதுவரை எதுவும் எழுதியதில்லை.

என் பெயர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்து நான்கு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆட்டுக்கறிக் கடை. அப்பா காலத்துக் கடை. மனைவி அன்னக்கொடி. மகன் மதியழகன், இருபத்தெட்டு வயது, என்னோடு கடையில் நிற்கிறான். மகள் சுகந்தி, இருபத்திரண்டு வயது. போன திங்கட்கிழமை, பதினான்காம் தேதி, காலை பதினொரு மணிக்கு, எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆட்டுப்பட்டியில் வைத்து அவளைக் கழுத்தை அறுத்துக் கொன்றுவிட்டான் அந்த ஜெயசீலன்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கீழத்தெருக்காரன். சுகந்தி வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை. ஒருதலையாகக் காதலித்திருக்கிறான். இவள் மாட்டேன் என்றதும் பட்டிக்குள் புகுந்து, கூரையில் செருகியிருந்த என் கத்தியையே உருவி அறுத்திருக்கிறான். பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் பார்த்தது: சந்தையிலிருந்து வந்து பட்டிக் கதவைத் தள்ளினேன். தழைக்கட்டு மேல் என் பிள்ளை கிடந்தாள். அவன் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். கையில் கத்தி இருந்தது.

கையில் கத்தி இருந்தது. இதை மறக்கக் கூடாது.

கதவுக்குப் போடும் கட்டையை எடுத்து அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், கேட்டது. அப்போதும் அவளை விடவில்லை. "மாமா, உசுரு இருக்கு மாமா, தூக்குங்க மாமா" என்று கத்தினான். மாமாவாம்! அதற்கே முகத்தில் இன்னும் இரண்டு போட்டேன். பல் தெறித்து விழுந்தது. ஆள் கூடிப் பிடித்துவிட்டார்கள், இல்லையென்றால் அங்கேயே அவன் கதையை முடித்திருப்பேன். அரசாங்கம் முடிக்கட்டும். கொன்றவனுக்குக் கயிறுதான். இதில் பேச என்ன இருக்கிறது?

அதற்கு முதல் நாள், பதின்மூன்றாம் தேதி ஞாயிறு: கடை முடிந்து வந்து நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். விசேஷம் ஒன்றும் இல்லை.

2022 மார்ச் 24, வியாழன்

பட்டி ஜன்னலை ஒட்டிய கிணற்றுக்குள் கத்தி கிடந்தது என்று போலீசார் எடுத்திருக்கிறார்கள். சைக்கிள் ட்யூப் சுற்றிய கைப்பிடி, என்னுடையதுதான். "நீங்க போனப்ப கையில கத்தி இருந்துச்சுன்னா அது கெணத்துக்குள்ள எப்பிடிப் போச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்களப் பாத்ததும் வீசியிருப்பான்" என்றார்.

ஆமாம். என்னைப் பார்த்ததும் வீசிவிட்டான். ஜன்னல் வழியாக. எழுதிக்கொள்கிறேன்.

அன்னக்கொடி புழக்கடையில் துணி எரித்துக்கொண்டிருந்தாள். சுகந்தி துணியா என்று கேட்டேன். அவள் குச்சியால் தீயைக் கிளறினாள். சாம்பலில் சட்டைப் பொத்தான்கள் கிடந்தன. பெண்பிள்ளைத் துணியில் அத்தனை பொத்தான் ஏது? எதையாவது எரிக்கட்டும், பெற்ற வயிறு. நான் போய் ஆடுகளுக்கு அகத்தி கட்டினேன்.

2022 ஏப்ரல் 10, ஞாயிறு

இன்றுதான் கடை திறந்தேன். மதி கத்தி எடுக்க மாட்டேன் என்கிறான். மணிக்கட்டு வலிக்கிறதாம். "கல்லாவுல உக்காந்து பொட்டலம் மட்டும் கட்டுறேன்ப்பா" என்றான். காலையில் மூன்று ஆட்டையும் நானே அறுத்தேன்.

பல நாள் கழித்து நானே அறுத்ததில் அப்பா ஞாபகம் வந்தது. மற்ற கடைகளில் காலைக் கட்டிச் சாய்த்து அறுப்பார்கள். எங்கள் கடையில் கட்ட மாட்டோம். இடது முழங்காலால் ஆட்டை அணைத்து, இடது உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பொத்தி, தலையைப் பின்னுக்கு இழுத்து, காதுக்குக் கீழே வைத்து ஒரே இழுப்பு. ஆடு கத்தியைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அது நம்மைப் பார்த்த மாதிரி என்பார் அப்பா. இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. ஊரில் எங்கள் கடைக்குக் கண்ணுபொத்திக் கடை என்றுதான் பெயர். போர்டில் எழுதியிருக்கும் பெயர் யாருக்கும் தெரியாது.

அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் மதிக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னைவிடச் சுத்தமாகச் செய்வான். ஒரு சொட்டு தோலில் படாது.

மத்தியானம் அன்னக்கொடி எனக்கு மட்டும் சோறு போட்டாள். மதியின் தட்டு அடுப்படியில் கவிழ்ந்தபடியே கிடந்தது. "அவனுக்குப் போடலியா?" என்றேன். "கையி இருக்குல்ல, போட்டுத் திங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

2022 ஜூன் 2, வியாழன்

கறிக்கடைச் சங்கத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். சுகந்தி போட்டோ. கீழே சிவப்பு எழுத்தில் 'கொலைகாரனைத் தூக்கிலிடு'. நான்தான் முன்னால் நின்று கோஷம் போட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது. மதி வரவில்லை. குடித்துவிட்டு எங்கேயோ கிடந்திருக்கிறான். தங்கச்சி செத்த துக்கம், திட்ட மனசு வரவில்லை.

பட்டிக் கூரையில் கீற்று மாற்ற வேண்டும். ஒழுகுகிறது.

2022 நவம்பர் 16, புதன்

சாட்சி சொல்லிவிட்டேன். நான்தான் முதல் சாட்சி. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னேன். பிறகு அவன் வக்கீல் எழுந்தான், சின்னப் பையன், கோட்டு தொளதொளவென்று இருந்தது.

"ஒங்க மகளும் என் கட்சிக்காரரும் கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தாங்க, அது ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"பொய்."

"மொத நாள் வீட்டுல இதப் பத்திப் பேச்சு வந்துச்சா?"

"ஒரு பேச்சும் வரல. சாப்ட்டோம், படுத்தோம்."

"கத்திய வீசுனதக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்யா! எம் பிள்ளையக் கொன்னவன் கையி, எனக்குத் தெரியாதா?"

ஜட்ஜம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கூண்டுக்குள் ஜெயசீலன் நின்றிருந்தான். வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்தே இருக்கிறது. சரியாகக் கட்டுப் போடவில்லை போல. முன்பல் இரண்டும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

2022 டிசம்பர் 7, புதன்

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா சாட்சி. நான் சொல்லி முடித்துவிட்டதால் உள்ளே உட்கார விட்டார்கள். ஒரே வெட்டு என்றார். இடது காதுக்குக் கீழே ஆரம்பித்து, நடுவில் கத்தியை எடுக்காமல், ஒரே இழுப்பு என்றார். முகத்தில் வேறு காயம் இல்லை. இரண்டு கண் இமை மேலும் கன்றிப் போயிருக்கிறது, அகலமாக, ஓர் உள்ளங்கை வைத்து அழுத்தின மாதிரி என்றார்.

"வாயைப் பொத்தியிருக்கலாம், கை வழுக்கிக் கண்ணு மேல போயிருக்கலாம், இல்லையா?" என்று அரசு வக்கீல் கேட்டார். இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பெஞ்சில் எனக்கு அந்தப் பக்கம் ஜெயசீலனின் அம்மா ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் கையை மடியில் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை. கோர்ட்டில் குளிர் அதிகம்.

2022 டிசம்பர் 8, வியாழன்

கடை திறக்கவில்லை. காய்ச்சல்.

2023 ஏப்ரல் 20, வியாழன்

தூக்கு!

சாகும்வரை தூக்கிலிட வேண்டும் என்று ஜட்ஜம்மா வாசித்தார். வாசிப்பதற்கு முன்னால், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்டார். "நான் போனப்ப அதுக்கு உசுரு இருந்துச்சுங்கம்மா. மாமா அடிக்காம இருந்தா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன்" என்றான். அவ்வளவுதான். நான் செய்யவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருப்பான்.

ஆரோக்கியமேரி அழுவாள் என்று நினைத்தேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் பொம்பளை தூக்கி நிறுத்தினாள்.

வெளியே சங்கத்து ஆட்கள் வெடி வெடித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். என் வாயில் ஒன்றைத் திணித்தார்கள். டிவிக்காரன் மைக்கை நீட்டினான். "எம் மக ஆத்மா இன்னைக்குத்தான் சாந்தியாவும். இந்த மாதிரி ஆளுகள நடுரோட்டுல தொங்கவிடணும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்தால் மதி புழக்கடையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். குடித்த வாடையே இல்லை.

2023 ஏப்ரல் 23, ஞாயிறு

கடையில் நல்ல கூட்டம். ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். ரிட்டையர்டு வாத்தியார் சந்தானகிருஷ்ணன் அரைக்கிலோ வாங்க வந்தார். முப்பது வருட வாடிக்கை. எல்லோரும் தூக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் உம்மென்று நின்றார்.

"என்ன சார், ஒங்களுக்குச் சந்தோசம் இல்லியா?" என்றேன்.

"ஒரு சாவுக்கு இன்னொரு சாவுன்னா என்னத்த சந்தோசப்படுறது, ரங்கம்? ஆயுசுக்கும் உள்ள போட்டா பத்தாதா?"

"ஒங்க மகள அறுத்திருந்தா இப்பிடிப் பேசுவீங்களா?"

"பேச மாட்டேன். நானும் கத்தியத் தூக்கிட்டுத்தான் போவேன். அதனாலதான் எங்கையில சட்டத்தக் குடுக்கக் கூடாதுங்குறேன். தப்பா முடிவு பண்ணிட்டா ஜெயில்ல இருக்கறவனத் தொறந்துவிடலாம். குழிக்குள்ள போனவனத் தோண்டி எடுத்து மன்னிப்புக் கேக்க முடியுமா?"

"இதுல என்ன சார் தப்பு? நான் கண்ணால பாத்தேன்!" என்று சொல்லி, வெட்டுக்கத்தி கட்டையில் பதியும்படி ஓங்கிப் போட்டேன். எலும்புச் சில்லு அவர் கண்ணாடியில் போய் அடித்தது. "ஒங்களுக்குக் கறி கெடையாது, வேற கடையப் பாருங்க" என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார்.

வந்துட்டாரு நியாயம் பேச. படித்த திமிர்!

தப்பு எங்கே இருக்கிறது? இல்லை.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆடி கடைசி வாரங்கள், கோயில்களில் கெடா வெட்டு, நிற்க நேரமில்லை. பத்து மணிக்குக் கூட்டம் கலைந்தபோது எதிரே ஆரோக்கியமேரி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, சேலைத் தலைப்பெல்லாம் வியர்வை. மதி அவளைப் பார்த்ததும் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான்.

"இங்க எதுக்கு வந்த? போ" என்றேன்.

"கறி வாங்க வரலீங்கய்யா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிர்றேன்."

"ஒம் மவனுக்காகக் கால்ல விழுந்தாலும் நான் எறங்க மாட்டேன்."

"விழ வரல. டாக்டரம்மா சொன்னத நானும் கேட்டேன். கண்ணு மேல கை வச்சு அமுக்கியிருக்குன்னாங்க." குரலை உயர்த்தவே இல்லை. "எம் மவன் வீட்டுல கோழி அறுத்தாக்கூடத் தெருவுக்குப் போயிருவான்ய்யா. நான்தான் அறுப்பேன். அவனுக்குக் கண்ணப் பொத்தத் தெரியாது. இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்னு ஒங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கட்டையிலிருந்த பெரிய கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். "வெட்டிப் போட்டுருவேன், ஓடிரு!" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவள் ஓர் அடிகூட நகரவில்லை.

"வெட்டுறதுன்னா வெட்டுங்கய்யா. கண்ணப் பொத்திட்டு வெட்டுங்க."

யாரோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். அவள் நிதானமாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குள் போனாள்.

பதினோரு மணிக்கு ஒரு கெடா விருந்துக்காகப் பட்டிக்குப் போய் இன்னொரு ஆட்டை அறுக்க வேண்டியிருந்தது. முழங்காலால் அணைத்தேன். கண்ணைப் பொத்தினேன். ஒரே இழுப்பில் முடியவில்லை. பாதிக் கழுத்தோடு திமிறிக்கொண்டு எழுந்து ஓடியது, பட்டியெல்லாம் ரத்தத்தைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் தலையில் கட்டையால் அடித்துத்தான் முடித்தேன். நாற்பது வருடத்தில் இப்படி ஆனதே இல்லை. கத்தி மழுங்கியிருக்க வேண்டும்.

கத்தி மழுங்கவில்லை. நேற்றுத்தான் சாணை பிடித்தேன்.

2023 ஆகஸ்ட் 7, திங்கள்

மார்ச்சுவரியில் சுகந்தியை அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். துணியை விலக்கினார்கள். கழுத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன். இமையைப் பார்த்தேன். ஆமாம், என் மகள்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன்?

2024 ஜனவரி 24, புதன்

ஐகோர்ட்டும் தூக்கை உறுதி செய்துவிட்டது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன்.

2024 ஜனவரி 27, சனி

அன்னக்கொடி வாயைத் திறந்தாள். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன். அவள் வந்து டிவியை அணைத்தாள்.

"எரிச்சது யாரு சட்டைன்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னடி ஒளர்ற?"

"அன்னைக்கே தெரியும். ஆசுபத்திரியில இருந்து வந்து நீங்க என் மூஞ்சியப் பாக்கல, அவன் மூஞ்சியையும் பாக்கல. ஒண்ணு போயிருச்சு, இன்னொண்ணாவது இருக்கட்டும்னு நானும் வாயப் பொத்திக்கிட்டேன். என்னையச் செருப்பால அடிக்கணும்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அந்தப் பிள்ள அவளுக்காக எலும்பு ஒடஞ்சு கெடந்தவன். அவனையும் கொன்னுட்டு எனக்கு இந்த வீட்டுல சோறு பொங்க முடியாது. நீங்க ஸ்டேசனுக்குப் போவலேன்னா நான் போவேன்."

அறையக் கையை ஓங்கினேன். அடிங்க என்பது போல நின்றாள். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது.

2024 ஜனவரி 29, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்ஸ்பெக்டருக்காக இல்லை.

காலையில் மதியைப் பட்டிக்குக் கூப்பிட்டேன். ஆட்டைப் பிடி என்றேன். பிடித்தான். நான் கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே நின்றேன்.

"சுகந்தி கண்ணப் பொத்துனியாடா?"

ஆடு அவன் பிடியிலிருந்து நழுவிப் போனது. அவன் அப்படியே தழை மேல் முட்டி போட்டான்.

"பொத்துனேன்ப்பா."

"ஏன்டா?"

"என்னையவே பாத்தாப்பா. அண்ணே, வேணாண்ணே, நான் எங்கயாச்சும் கண்காணாமப் போயிர்றேண்ணேன்னா. அதப் பாத்துக்கிட்டு எப்பிடிப்பா... நீதான சொல்லிக் குடுத்த, கத்தியப் பாக்க விடக் கூடாதுன்னு."

சுகந்தி பை எடுத்துக்கொண்டு பட்டி வழியாகக் கிளம்பியிருக்கிறாள். ஜெயசீலனை வரச் சொல்லியிருந்திருக்கிறாள். அவனுக்கு முன்னால் இவன் வந்துவிட்டான். அறுத்துவிட்டுக் கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் ஓடியிருக்கிறான். ஜெயசீலன் வந்தபோது உயிர் இருந்திருக்கிறது. நான் வந்தபோதும் இருந்திருக்கிறது. தோள் உடைந்த பிறகும் தூக்கச் சொல்லிக் கத்தியவனை நான் முகத்தில் அடித்தேன். அவள் மடியிலிருந்து சரிந்து விழுந்தாள். பிறகுதான் போனாள்.

கொன்றவனுக்குக் கயிறுதான் என்று இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். மதியின் முடியைப் பிடித்து இழுத்தேன். முழங்காலால் அணைத்தேன். இடது உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தேன். காதுக்குக் கீழே கத்தியை வைத்தேன். அவன் திமிறவில்லை. என்னைவிட உயரமானவன், ஒரு உதறு உதறினால் நான் விழுந்திருப்பேன்.

"சீக்கிரம் முடிச்சிருப்பா" என்றான்.

கத்தி பட்ட இடத்தில் ரத்தம் கோடாக இறங்கியது. இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் உள்ளங்கைக்குள் அவன் இமை துடித்தது. ஈரமாக இருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்டுக்குப் பொத்திய கை, இமை துடிப்பது தெரியாத கை இல்லை. ஆனால் இவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வெளிச்சம் கண்ணில் படக் கூடாதென்று இதே கையால்தான் மறைத்துப் பிடித்தேன். என்னால் இழுக்க முடியவில்லை. கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் முகத்தில், முதுகில், கண்ட இடத்தில் அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான்.

"ரெண்டு தடவ ஸ்டேசன் வாசல் வரைக்கும் போனேன்ப்பா. உள்ள போவத் தைரியம் வரல."

"போனா ஒன்னத் தூக்குல போட்டுருவாங்கடா!"

"நீதானப்பா அதக் கேட்ட" என்றான்.

அவிழ்த்துவிட்ட ஆடு தழையைத் தின்றுகொண்டிருந்தது. இன்று கடை இல்லை.

2024 ஜனவரி 31, புதன்

மதுரை. ஜெயசீலனின் வக்கீல் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதே தொளதொள கோட்டுப் பையன்தான். மதி உள்ளே இருக்கிறான். ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். முடிந்ததும் போலீசுக்கு அழைத்துப் போவார்களாம். பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்மேலும் கேஸ் வரும் என்றார் வக்கீல். வரட்டும்.

அன்னக்கொடி காலையில் மதிக்குத் தட்டைக் கழுவி வைத்து இட்லி போட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. "தின்னுட்டுப் போ" என்றாள். அவன் ஒரு இட்லிதான் தின்றான்.

ஆரோக்கியமேரி பெஞ்சின் அந்தக் கோடியில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. நானே கேட்டேன்.

"ஒம் மவன் வந்துருவான். எம் மவனத் தூக்குல போடச் சொல்லுவியாம்மா?"

"சொல்ல மாட்டேன்னு நெனச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்றாள். "ஜெயில்ல அவனப் பாத்துட்டு வர்றப்பல்லாம், எவன் செஞ்சானோ அவன் தொங்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வருவேன். இப்ப உள்ள போறப்ப ஒங்க மவன் மூஞ்சியப் பாத்தேன். காதுக்குக் கீழ வெட்டு இருக்கு. நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"முடியல இல்ல?"

முடியவில்லை என்று தலையாட்டினேன்.

"என்னாலயும் முடியாதுய்யா. ஆனா எம் மவன் பல்லு ரெண்டும் போயிருச்சு. கையத் தூக்க முடியல. அதுக்கு ஒங்கள மன்னிக்க மாட்டேன், செத்தாலும் மன்னிக்க மாட்டேன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நியாயம்தான்.

குமாஸ்தா வந்து டைரியைக் கேட்டார். இதையும் கோர்ட்டில் கொடுக்க வேண்டுமாம். ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்றேன். ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது.

2022 மார்ச் 13, ஞாயிறு

கடை முடிந்து இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ஈரல் வறுவல், குழம்பு. சுகந்திதான் பரிமாறினாள். "அப்பா, வர்ற வெள்ளிக்கெழம ரிஜிஸ்டர் பண்ணப் போறோம். ஒளிச்சுச் செய்ய இஷ்டமில்ல. நீ வரணும்ப்பா" என்றாள். யாரென்றும் சொன்னாள். தட்டைத் தூக்கி அவள் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

நான் மதியிடம் சொன்னேன்: "இந்த வீட்ல ஆம்பளன்னு ஒருத்தன் இருந்தா இவள இந்நேரம் அறுத்துப் போட்டிருப்பான்."

மதி கையில் எடுத்த சோற்றோடு என்னைப் பார்த்தான். "நெசமாத்தான் சொல்றியாப்பா?" என்றான்.

"பின்ன, வெளையாட்டுக்கா சொல்றேன்?" என்றேன்.

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அன்னக்கொடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேறு தட்டு எடுத்து வரச் சொல்லி, மறுபடியும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.